தகாஹாஷி கொரேகியோ

தகாஹாஷி கொரேகியோ (1854 – பெப்ரவரி 26, 1936) ஜப்பானின் காப்புரிமை அலுவலகத்தை உருவாக்கி, அதன் முதல் தலைவராகப் பணியாற்றிய அரசு அலுவலர் ஆவார். 1884ஆம் ஆண்டின் வணிகச் சின்ன விதிமுறைகள், 1885ஆம் ஆண்டின் காப்புரிமை விதிமுறைகள், 1888ஆம் ஆண்டின் திருத்தச் சட்டங்கள் ஆகியவை உருவானதில் இவருடைய பங்கு முதன்மையானது. பின்னாளில் ஜப்பான் வங்கியின் ஆளுநராகவும், பலமுறை நிதியமைச்சராகவும், 1921–1922 காலப்பகுதியில் ஜப்பானின் பிரதமராகவும் விளங்கினார். பொருளியல் நூல்கள் இவரை 1930களின் பெருமந்தத்தைச் சமாளித்த நிதியமைச்சராகவே பெரிதும் குறிப்பிடுகின்றன. ஆயினும் இவர் கட்டியெழுப்பிய முதல் நிறுவனம் காப்புரிமை அலுவலகமே ஆகும்.

ஜப்பானிய முறைப்படி இவர் பெயரில் குடும்பப் பெயரான தகாஹாஷி முதலிலும், இயற்பெயரான கொரேகியோ அடுத்தும் வருகின்றன. இக்கட்டுரையில் 'காப்புரிமை' என்னும் சொல், புதிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்தவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அரசு வழங்கும் தனியுரிமையைக் குறிக்கின்றது. நூல்களுக்கு உரிய உரிமை 'பதிப்புரிமை' எனத் தனியே சுட்டப்படுகின்றது.

இளமைக்காலம்

கொரேகியோ 1854ஆம் ஆண்டு எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) பிறந்தார். இவருடைய தந்தை தொக்குகாவா ஆட்சியாளரிடம் பணிபுரிந்த ஓவியர். தாய் அவ்வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். திருமண உறவுக்கு வெளியே பிறந்த இக்குழந்தையைச் செந்தாய் சிற்றரசைச் சேர்ந்த, தகாஹாஷி என்னும் குடும்பப் பெயர் கொண்ட கீழ்நிலைப் போர்வீரர் ஒருவர் தத்தெடுத்து வளர்த்தார்.

சிறுவனாக இருந்தபோது யோக்கோகாமாவுக்கு அனுப்பப்பட்டு, அமெரிக்க மருத்துவ மதபோதகர் ஜேம்ஸ் ஹெப்பர்ன் குடும்பத்தாரிடம் ஆங்கிலம் கற்றார். அங்கிருந்த பிரித்தானிய வங்கி ஒன்றில் ஏவல் வேலையும் செய்தார். 1867ஆம் ஆண்டு கல்விக்கென ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் கலிபோர்னியாவில் தாம் கையொப்பமிட்ட தாள் தம்மை ஒரு குடும்பத்தின் ஒப்பந்தப் பணியாளாக ஆக்கும் பத்திரம் என்பதை அவர் பின்னரே அறிந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 13 அளவே. அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு 1868இல் நாடு திரும்பினார். அதற்குள் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்து மெய்ஜி ஆட்சி தொடங்கியிருந்தது.

நாடு திரும்பிய பின் மோரி அரினோரி என்னும் அறிஞரின் ஆதரவில் ஆங்கில ஆசிரியரானார். இளமையில் மதுப் பழக்கத்தாலும் கடனாலும் ஒருமுறை வேலையை இழந்து, கியூஷூ தீவிலுள்ள கராட்சு என்னும் ஊரின் ஆங்கிலப் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கு இவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் தட்சுனோ கிங்கோ. அவர் பின்னாளில் ஜப்பானின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஆனார்.

காப்புரிமைச் சிந்தனையின் பின்புலம்

காப்புரிமை என்னும் கருத்தை ஜப்பானிய வாசகர்களுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர்களுள் ஒருவர் புக்குசாவா யுக்கிச்சி. 1860களில் அவர் எழுதிய 'செய்யோ ஜிஜோ' (மேல்நாட்டு நிலைமைகள்) என்னும் நூலில் இதுபற்றிய விளக்கம் உண்டு. மெய்ஜி அரசு 1871ஆம் ஆண்டிலேயே சுருக்கமான தனியுரிமை விதிகளை வெளியிட்டது. ஆனால் விண்ணப்பங்களை ஆராய்ந்து தீர்ப்பதற்கு வேண்டிய அறிவுடையோர் அரசிடம் இல்லை. அடுத்த ஆண்டே அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றின் கீழ் எவருக்கும் உரிமை வழங்கப்படவில்லை.

சட்டம் இல்லாத அந்த இடைக்காலத்தின் விளைவைக் காட்டும் எடுத்துக்காட்டாகக் கவுன் தட்சுச்சியின் வரலாறு கூறப்படுகின்றது. நாகானோ பகுதியைச் சேர்ந்த இவர் முன்பு பௌத்தத் துறவியாக இருந்தவர். பருத்தி நூல் நூற்கும் எளிய பொறி ஒன்றை இவர் கண்டுபிடித்தார். ஓடும்போது எழும் ஓசையால் அது 'கரபோ' எனப் பெயர் பெற்றது. 1877இல் டோக்கியோவின் உவேனோவில் நடைபெற்ற முதல் தேசியத் தொழிற் கண்காட்சியில் இப்பொறி உயர்ந்த பரிசைப் பெற்றது. கண்காட்சியில் அதைப் பார்த்த பலரும் அதைப் போலவே பொறிகளைச் செய்துகொண்டனர். கரபோ நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. அதைக் கண்டுபிடித்தவரோ வறுமையில் வாடினார். பரிசும் பாராட்டும் கிடைத்தன. பிறர் செய்துகொண்ட பொறிகளிலிருந்து அவருக்கு ஒரு காசும் வரவில்லை.

தகாஹாஷிக்கு இத்துறையில் ஆர்வம் ஏற்பட்டது 1870களில் அவர் கல்வி அமைச்சில் பணிபுரிந்தபோது ஆகும். அங்கு ஆலோசகராக இருந்த அமெரிக்கர் டேவிட் மரே, கண்டுபிடிப்புகளுக்கும் வணிகச் சின்னங்களுக்கும் ஜப்பானில் பாதுகாப்பு இல்லை என்றும், வெளிநாட்டுப் பொருட்கள் தடையின்றிப் போலியாகச் செய்யப்படுவதாக அந்நிய வணிகர் முறையிடுகின்றனர் என்றும் இவரிடம் எடுத்துரைத்தார். இதன் பின்னர் தகாஹாஷி கிடைத்த நூல்களைக் கொண்டு இப்பொருளைத் தாமே படிக்கத் தொடங்கினார்.

வணிகச் சின்ன விதிமுறைகள் (1884)

1881ஆம் ஆண்டு புதிதாக அமைக்கப்பட்ட வேளாண்மை வணிக அமைச்சில் தகாஹாஷி சேர்ந்தார். அங்கு வணிகச் சின்னம், காப்புரிமை ஆகியவை பற்றிய சட்ட வரைவுகளை ஆயத்தம் செய்யும் பணி இவரிடம் வந்தது.

முதலில் வணிகச் சின்னங்களுக்கான வரைவு எடுத்துக்கொள்ளப்பட்டது. வணிகரிடையே இதற்கு எளிதில் ஆதரவு கிடைக்கவில்லை. ஜப்பானியக் கடைகளின் வாயிலில் கடையின் பெயரோ குறியோ பொறித்த துணித் திரை தொங்குவது வழக்கம். இது 'நோரென்' எனப்படும். நீண்டகாலம் பணியாற்றிய ஊழியர் தனிக்கடை தொடங்கும்போது முதலாளி தம் நோரெனைப் பயன்படுத்த அவருக்கு இசைவளிப்பதும் மரபு. எனவே ஒரே குறியைப் பலர் பயன்படுத்துவது வணிகருக்குத் தவறாகத் தோன்றவில்லை. கடையைக் குறிக்கும் நோரென் வேறு, விற்கும் பொருளின் மீது இடப்படும் சின்னம் வேறு என்பதைத் தகாஹாஷி விளக்க வேண்டியிருந்தது.

வணிகச் சின்ன விதிமுறைகள் 1884ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் வெளியிடப்பட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றை நிறைவேற்ற அமைக்கப்பட்ட பதிவகத்துக்குத் தகாஹாஷியே தலைவரானார்.

காப்புரிமை விதிமுறைகள் (1885)

அடுத்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் 'சென்பாய் தொக்கியோ ஜோரெய்' எனப்படும் தனியுரிமைக் காப்பு விதிமுறைகள் வெளியிடப்பட்டன. இவை சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பிரான்சின் 1844ஆம் ஆண்டுச் சட்டமும் ஐக்கிய அமெரிக்கச் சட்டமும் இவற்றுக்கு மாதிரியாக அமைந்தன. இவ்விதிமுறைகளின் முக்கிய கூறுகள் வருமாறு:

- கண்டுபிடிப்பு புதியதாகவும் பயனுடையதாகவும் இருத்தல் வேண்டும்.
- உரிமைக்காலம் 5, 10 அல்லது 15 ஆண்டுகள்.
- மருந்துகளுக்கும், பொது ஒழுங்குக்குக் கேடு விளைவிக்கக்கூடியவற்றுக்கும் காப்புரிமை இல்லை.
- உரிமை பெற்றவர் தம் கண்டுபிடிப்பைக் குறித்த காலத்துக்குள் நடைமுறைப்படுத்தாவிடில் உரிமையை இழப்பார்.

காப்புரிமை அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பும் தகாஹாஷியிடமே வந்தது. அப்போது அவருக்கு வயது 31கூட நிறையவில்லை.

1885ஆம் ஆண்டு ஆகத்து 14ஆம் நாள் முதல் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. முதலாம் எண் காப்புரிமையைப் பெற்றவர் ஹொத்தா சுயிஷோ. இவர் அரக்குப் பூச்சுக் கலையில் தேர்ந்த கைவினைஞர். இரும்புக் கப்பல்களின் அடிப்பகுதி துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு ஒன்றை இவர் உருவாக்கியிருந்தார். ஜப்பானிய அரக்குடன் இரும்புத்தூள், சீமைப்பனிச்சைச் சாறு, இஞ்சி, புளிக்காடி முதலியவற்றைச் சேர்த்து அது செய்யப்பட்டது. 2, 3, 4ஆம் எண் காப்புரிமைகள் மருத்துவரான தக்காபயாஷி கென்சோவுக்குக் கிடைத்தன. இவர் தேயிலையை ஆவியில் வேகவைத்தல், உலர்த்துதல், தேய்த்தல் ஆகிய வேலைகளுக்குப் பொறிகளைக் கண்டுபிடித்தவர். பட்டும் தேயிலையுமே அக்காலத்தில் ஜப்பானின் முதன்மை ஏற்றுமதிப் பொருட்களாக இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் ஆண்டில் நானூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. காப்புரிமை பெற்றவை ஏறத்தாழ நூறு மட்டுமே. 1871இல் விண்ணப்பங்களை ஆராய ஆளில்லாமல் கைவிடப்பட்ட பணியை, 14 ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானிய அலுவலர்களே செய்யத் தொடங்கினர் என்பதே இவ்வெண்களின் பொருள்.

வெளிநாட்டுப் பயணம் (1885–1886)

விதிமுறைகள் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், 1885ஆம் ஆண்டு நவம்பரில், தகாஹாஷி மேலைநாடுகளின் காப்புரிமை முறைகளை நேரில் ஆராயப் புறப்பட்டார். ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, செருமனி ஆகிய நாடுகளுக்குச் சென்று ஏறத்தாழ ஓராண்டின் பின் திரும்பினார். முன்பு ஒப்பந்தப் பணியாளாக இருந்த அதே நாட்டுக்கு இம்முறை அரசுப் பிரதிநிதியாகச் சென்றார்.

வாசிங்டன் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்கள் எவ்வாறு வகைப்படுத்தப்படுகின்றன, முன்பே அறியப்பட்டவற்றோடு எவ்வாறு ஒப்பிடப்படுகின்றன, மறுக்கப்பட்டவர் எவ்வாறு மேல்முறையீடு செய்கிறார் என்பவற்றை அவர் கவனித்தார். அமெரிக்கா பெரிய நாடாக இருப்பதற்குக் காரணம் என்னவென ஆராய்ந்தோம், அது காப்புரிமை எனக் கண்டோம், ஆகவே நாங்களும் அதை ஏற்கப் போகிறோம் என்ற கருத்தில் அவர் கூறியதாக அமெரிக்க அலுவலர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். காப்புரிமை பற்றிய நூல்களில் இக்கூற்று அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது.

தகாஹாஷி வெளிநாட்டில் இருந்தபோது அலுவலகப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர் வேதியியலாளர் தக்காமினே ஜோக்கிச்சி. இவர் பின்னர் அமெரிக்காவில் குடியேறி, தாக்கா-தையாசுத்தேசு என்னும் செரிமான நொதியையும் அட்ரினலினையும் பிரித்தெடுத்து அந்நாட்டுக் காப்புரிமைகளைப் பெற்றார்.

1888ஆம் ஆண்டின் சட்டங்கள்

பயணத்தில் கற்றவற்றைக் கொண்டு தகாஹாஷி சட்டங்களைத் திருத்தும் பணியை மேற்கொண்டார். 1887ஆம் ஆண்டு இறுதியில் காப்புரிமைப் பணியகம் கூடுதல் தன்னுரிமை கொண்ட அமைப்பாக மாற்றப்பட்டு, அதன் தலைவராக இவர் நியமிக்கப்பட்டார். காப்புரிமை, வணிகச் சின்னம், பொருள் வடிவமைப்பு ஆகியவற்றுக்கான மூன்று சட்டங்கள் 1888ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் வெளியிடப்பட்டு, 1889 பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பொருள் வடிவமைப்புக்கு ஜப்பானில் ஏற்பட்ட முதல் சட்டம் இதுவே.

இச்சட்டத்தில் ஏற்பட்ட அடிப்படை மாற்றம் கவனிக்கத்தக்கது. அதற்கு முன் காப்புரிமை என்பது அரசு மனமுவந்து அளிக்கும் சலுகையின் சாயலைக் கொண்டிருந்தது. புதிய சட்டமோ, விதிக்கப்பட்ட தகுதிகளை நிறைவுசெய்யும் கண்டுபிடிப்பாளருக்கு அது உரிமை என வகுத்தது. ஒவ்வொரு விண்ணப்பமும் ஆய்வாளரால் ஆராயப்பட வேண்டும் என்பதும், பூசல்களை அலுவலகத்துக்குள்ளேயே விசாரித்துத் தீர்க்கும் முறையும் இதில் இடம்பெற்றன. ஒரே கண்டுபிடிப்பை இருவர் உரிமை கோரினால், முதலில் விண்ணப்பித்தவருக்கு அன்றி, முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்னும் அமெரிக்கக் கோட்பாடு பின்பற்றப்பட்டது.

வெளிநாட்டினர் உரிமையும் ஒப்பந்தத் திருத்தமும்

தகாஹாஷியின் காலத்தில் வெளிநாட்டினர் ஜப்பானில் காப்புரிமை பெற இயலவில்லை. இதற்குக் காரணம் 1858ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் மேலைநாடுகளுடன் செய்துகொண்ட சமனற்ற ஒப்பந்தங்கள் ஆகும். அவற்றின்படி ஜப்பானில் வாழ்ந்த மேலைநாட்டவரை ஜப்பானிய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது. அவரவர் நாட்டுத் தூதரக நீதிமன்றமே விசாரிக்கும். இந்நிலையில் அந்நியருக்குக் காப்புரிமை வழங்கினால், உரிமையை மீறிய ஜப்பானியர் மீது அந்நியர் ஜப்பானிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஜப்பானியரின் உரிமையை அந்நியர் மீறினால், அவரை அதே நீதிமன்றத்தின் முன் நிறுத்த வழியில்லை.

ஆகவே காப்புரிமைப் பாதுகாப்பு ஜப்பான் அரசுக்குப் பேச்சுவார்த்தையில் பயன்படும் பொருளாயிற்று. மேலைநாடுகள் தம் கண்டுபிடிப்புகளுக்கும் சின்னங்களுக்கும் பாதுகாப்பு வேண்டின. ஜப்பான் அதற்கு ஈடாக ஒப்பந்தத் திருத்தத்தை வேண்டியது. 1894இல் பிரித்தானியாவுடன் கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தில், தூதரக நீதிமன்றங்கள் நீங்குவதற்கு முன் தொழிற்சொத்துப் பாதுகாப்புக்கான பாரிசு உடன்படிக்கையில் ஜப்பான் சேரும் என்ற உறுதி இடம்பெற்றது. 1896இல் செருமனியுடன் செய்த ஒப்பந்தமும் காப்புரிமைப் பாதுகாப்பை உட்கொண்டிருந்தது. 1899ஆம் ஆண்டு சூலையில் புதிய ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அதே மாதம் ஜப்பான் பாரிசு உடன்படிக்கையிலும் இணைந்தது.

இந்த இடைக்காலத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அந்நியரின் பொறிகளுக்கு ஜப்பானில் காப்புரிமை இல்லாததால், அவற்றைப் பார்த்துச் செய்வதற்குச் சட்டத் தடையும் இருக்கவில்லை. தம் நாட்டுக் கைவினைஞருக்குப் பாதுகாப்பு, அந்நியத் தொழில்நுட்பத்துக்குத் திறந்த வாயில் என்னும் இரண்டும் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு மேல் ஒருங்கே நிலவின. பின்தங்கிய நிலையிலிருந்து தொழில்மயமான நாடுகள் காப்புரிமையை எப்போது, யாருக்கு வழங்க வேண்டும் என்ற விவாதத்தில் ஜப்பானின் இக்காலம் ஒரு சான்றாக அமைகின்றது.

பதவி விலகலும் பெரு நாட்டுச் சுரங்கமும்

1889ஆம் ஆண்டு தகாஹாஷி காப்புரிமைப் பணியகத்திலிருந்து விலகினார். தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் வெள்ளிச் சுரங்கம் ஒன்றை வாங்கி நடத்த ஜப்பானியர் சிலர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். அதன் சார்பாளராக இவர் அந்நாட்டுக்குச் சென்றார். அந்தீசு மலைத்தொடரில் உயரமான இடத்தில் அமைந்திருந்த கரவாக்ரா சுரங்கத்தை அடைந்த பின்னரே, அதன் வளமான தாது முன்பே தோண்டி எடுக்கப்பட்டுவிட்டது என்பது தெரியவந்தது. வாங்குவதற்கு முன் அளிக்கப்பட்ட அறிக்கை நம்பத்தகாதது. 1890இல் வெறுங்கையுடன் திரும்பிய தகாஹாஷி தம் வீட்டை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

1892இல் ஜப்பான் வங்கியின் ஆளுநர் கவாதா கோயிச்சிரோ இவருக்கு வேலை அளித்தார். வங்கியின் புதிய தலைமைக் கட்டட வேலையில் அலுவலகப் பணிகளை மேற்பார்வையிடுவதே அவ்வேலை. அங்கு இவருக்கு மேலிருந்த கட்டடக்கலைஞர், முன்பு கராட்சுப் பள்ளியில் இவரிடம் படித்த தட்சுனோ கிங்கோ. தம் மாணவரின் கீழ்ப் பணியாற்ற இவர் தயங்கவில்லை.

பிற்காலப் பணிகள்

வங்கித் துறையில் தகாஹாஷி விரைவாக உயர்ந்தார். 1899இல் ஜப்பான் வங்கியின் துணை ஆளுநரானார். 1904–1905 ரஷ்ய–ஜப்பானியப் போரின்போது இலண்டனிலும் நியூயார்க்கிலும் நான்கு கடன்பத்திர வெளியீடுகள் மூலம் மொத்தம் 8.2 கோடி பவுண்டு திரட்டினார். இதில் நியூயார்க் வங்கியாளர் யாக்கோபு சிஃப் இவருக்குப் பெரிதும் துணைநின்றார். 1911இல் ஜப்பான் வங்கியின் ஆளுநராகவும், 1913இல் முதன்முறையாக நிதியமைச்சராகவும் ஆனார். 1921 நவம்பரில் பிரதமர் ஹரா தக்காஷி கொலையுண்டதை அடுத்துப் பிரதமர் பொறுப்பேற்று, 1922 சூன் வரை பதவியில் இருந்தார்.

1924இல் இவர் வேளாண்மை வணிக அமைச்சரானார். 43 ஆண்டுகளுக்கு முன் கீழ்நிலை அலுவலராகச் சேர்ந்த அதே அமைச்சுக்குத் தலைவராக வந்தார் என்பதும், காப்புரிமைப் பணியகம் மீண்டும் இவருடைய பொறுப்பின் கீழ் வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கவை. 1925இல் அவ்வமைச்சு வேளாண்மைக்கும் வணிகத்துக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

1931 திசம்பரில் மீண்டும் நிதியமைச்சரானபோது, நாணயத்தைத் தங்கத் திட்டத்திலிருந்து விலக்கியும், அரசுச் செலவைக் கூட்டியும் மந்தத்திலிருந்து ஜப்பானை மீட்டார். பொருளாதாரம் தேறிய பின் இராணுவச் செலவைக் கட்டுப்படுத்த முயன்றார். இது படையினர் சிலரின் பகையைத் தேடித்தந்தது. 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் விடியற்காலையில், கிளர்ச்சி செய்த இளம் படை அலுவலர்கள் டோக்கியோவின் அகாசக்காவிலிருந்த வீட்டில் புகுந்து இவரைப் படுக்கையிலேயே கொன்றனர். அப்போது அவருக்கு வயது 81.

மரபும் நினைவும்

தகாஹாஷி வகுத்த முறை பின்னர் பலவாறு மாறியது. 1905இல் சிறிய மேம்பாடுகளைக் காக்கும் பயன்பாட்டு மாதிரிச் சட்டம் வந்தது. 1921இல், முதலில் கண்டுபிடித்தவருக்கு என்ற கோட்பாடு கைவிடப்பட்டு, முதலில் விண்ணப்பித்தவருக்கு உரிமை என்பது ஏற்கப்பட்டது. மருந்துகளுக்கான தடை 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீங்கியது. எனினும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய்ந்த பின்னரே உரிமை வழங்குவது என்ற அடிப்படை தொடர்கின்றது.

இம்முறையால் பயனடைந்தவர்களுள் தொயோதா சாக்கிச்சி குறிப்பிடத்தக்கவர். தச்சரின் மகனான இவர், 1885ஆம் ஆண்டு விதிமுறைகளைப் பற்றி அறிந்ததே தம்மைக் கண்டுபிடிப்புத் துறைக்கு ஈர்த்ததாகக் கூறியுள்ளார். 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்கு முதல் காப்புரிமை பெற்றார். 1929இல் இவருடைய நிறுவனத்தின் தானியங்கித் தறிக்கான உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் ஒரு இலட்சம் பவுண்டு விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. கரபோவைக் கண்டுபிடித்த கவுன் தட்சுச்சிக்கு நேர்ந்ததோடு இதனை ஒப்பிட்டால், காப்புரிமைச் சட்டத்தின் விளைவு விளங்கும்.

1885ஆம் ஆண்டு விதிமுறைகள் வெளியான ஏப்ரல் 18ஆம் நாள் 1954 முதல் ஜப்பானில் 'கண்டுபிடிப்பு நாள்' எனக் கொண்டாடப்படுகின்றது. தகாஹாஷியின் உருவம் 1951இல் வெளியான 50 யென் தாளில் இடம்பெற்றது. அவர் கொல்லப்பட்ட வீடு இருந்த இடம் இன்று அவர் பெயர் தாங்கிய நினைவுப் பூங்காவாக உள்ளது. வீட்டின் முதன்மைப் பகுதி டோக்கியோவை அடுத்த கொகனேயிலுள்ள எதோ–டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.

காலவரிசை

- 1854 – எதோவில் பிறப்பு
- 1867–1868 – ஐக்கிய அமெரிக்காவில் வாழ்வு
- 1881 – வேளாண்மை வணிக அமைச்சில் சேர்தல்
- 1884 – வணிகச் சின்ன விதிமுறைகள்
- 1885 – காப்புரிமை விதிமுறைகள், முதல் காப்புரிமைகள்
- 1885–1886 – மேலைநாட்டுப் பயணம்
- 1888 – மூன்று புதிய சட்டங்கள்
- 1889 – காப்புரிமைப் பணியகத்திலிருந்து விலகல்
- 1892 – ஜப்பான் வங்கியில் பணி
- 1911 – ஜப்பான் வங்கியின் ஆளுநர்
- 1921–1922 – பிரதமர்
- 1924–1925 – வேளாண்மை வணிக அமைச்சர்
- 1936 – கொலையுண்டு இறப்பு